துப்பாக்கிக் கட்டை: மரம் கண்ணாடி இழையான கதை

ஸ்டாக் என்றால் எங்கள் தொழிலில் இரண்டு அர்த்தம். ஒன்று தலால் தெருவில் ஏறி இறங்குவது. மற்றொன்று, கடன் வாங்கிய வியாபாரி மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கும் சரக்கு இருப்புக் கணக்கு. ஆனால் மூன்றாவது ஸ்டாக் ஒன்று பல வங்கிக் கிளைகளின் வாசலிலேயே நிற்கிறது. யாரும் கவனிப்பதில்லை. காவலர் தோளில் தொங்கும் பன்னிரண்டு போர் துப்பாக்கியின் மரக்கட்டைதான் அது. இரும்புக் குழலையும் விசையையும் தாங்கி, நம் தோளிலும் கன்னத்திலும் படுகிற பகுதி. இன்றைக்கு அதைப் பற்றித்தான்.

மூன்று ஸ்டாக்குக்கும் மூதாதை ஒன்றே என்பது வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிமரம் என்று பொருள். இங்கிலாந்து அரசுக் கருவூலத்தில் கடன் கணக்கைக் குச்சியில் வெட்டுப்போட்டுக் குறித்து, குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். கடன் கொடுத்தவனிடம் இருக்கும் பெரிய பாதிக்கு ஸ்டாக் என்று பெயர். (வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834ல் மொத்தமாக எரிக்கப் போய்த்தான் லண்டன் பாராளுமன்றமே எரிந்தது.) நம் மொழியிலும் இதே கதைதான். "முதல்" என்றால் மரத்தின் அடி, வேர். வியாபாரத்தில் போடும் பணமும் முதல்தான். பி.காம். படித்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் அக்கவுண்டன்சி இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும்.

ஆக, அடிமரம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பொருள், மரமே இல்லாமல் கண்ணாடி இழையாக மாறியது எப்படி? மாறியதில் யாருக்கு என்ன வரவு, என்ன செலவு?

முதலில் மரம் என்ன தப்பு செய்தது என்று பார்ப்போம். மும்பைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் ஜூன் மாதம் பிறந்தால் மர அலமாரிக் கதவு மூடாது. குளியலறைக் கதவைத் தோளால் இடிக்க வேண்டும். தீபாவளிக்குள் அதுவே தானாகச் சரியாகிவிடும். மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். அலமாரிக்கு இது தொந்தரவு மட்டுமே. ரைஃபிளுக்கு ஆபத்து. குழலை ஒட்டி இருக்கும் முன்கட்டை ஒரு நூல் வளைந்து குழலை அழுத்தினாலும், வெயில் காலத்தில் குறி சரியாக வைத்த துப்பாக்கி மழைக்காலத்தில் வேறு இடத்தில் சுடும்.

அதனால்தான் நல்ல கட்டைக்கு வால்நட் மரத்தைத் தேடினார்கள். நம் காஷ்மீர் அக்ரூட் மரமும் ஐரோப்பாவின் வால்நட்டும் ஒரே இனம். பலம் உண்டு, உதையைத் தாங்கும், செதுக்க வசதி, பார்க்க அழகு. வருடக்கணக்கில் காயவைத்து, செதுக்கி, ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். ஆனாலும் மரம் மரம்தான். வங்காளத்தில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த பழைய .303 ரைஃபிள்களின் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு இருக்கும். கட்டை பிளந்துவிடாமலிருக்கப் போட்டது. உலகம் முழுதும் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதற்கு "இஷாப்பூர் திருகு" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி கண்ணாடி. 1932ல் அமெரிக்காவில் ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, உருகிய கண்ணாடி மேல் வேகக் காற்றுப் பட்டு மெல்லிய இழைகளாகப் பறந்தது. அவருடைய மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். 1938ல் ஓவன்ஸ்-கார்னிங் என்ற தனிக் கம்பெனியே பிறந்தது. இழையைத் துணியாக நெய்து, ரெசினில் தோய்த்து, அச்சில் படியவைத்துக் காயவிட்டால் கெட்டியான ஓடு கிடைக்கும். படகு வந்தது, 1953ல் கார்வெட் கார் வந்தது. நம் பக்கம் 1962ல் தாணேயை மையமாக வைத்து ஃபைபர்கிளாஸ் பில்கிங்டன் தொடங்கியது. ரெசின், பெயிண்ட், பிளாஸ்டிக் பற்றிப் பல தலைமுறைக்குப் பாடம் நடத்திய இடம் எங்கள் மாட்டுங்காவிலேயே இருக்கிறது: 1933ல் தொடங்கிய யூ.டி.சி.டி., இன்றைய ஐ.சி.டி. கட்டுமரம் ஓட்டிய நம் மீனவர்கள் இன்று ஏறுவது ஃபைபர் படகில். ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட மிருதங்கம்கூட வந்துவிட்டது.

துப்பாக்கியில் மரத்தை முதலில் பெரிய அளவில் விரட்டியது கண்ணாடி இழை அல்ல, நைலான். ரெமிங்டன் கம்பெனி 1959ல் "நைலான் 66" என்ற .22 ரைஃபிளை விட்டது. அசல் துப்பாக்கிக்காரர்கள் பொம்மை என்று சிரித்தார்கள். அதே வருடம் டாம் ஃப்ரை என்ற ரெமிங்டன் ஊழியர் அந்த ரைஃபிளை வைத்து, காற்றில் வீசிய 1,00,010 மரத்துண்டுகளைச் சுட்டார். தவறியது ஆறே ஆறு. சிரிப்பு அடங்கியது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

கண்ணாடி இழைக் கட்டைக்கு வழி போட்டவர்கள் வேட்டைக்காரர்கள் அல்ல, போட்டிக்காரர்கள். மேஜையில் துப்பாக்கியைத் தாங்கவைத்து ஒரே ஓட்டையில் ஐந்து குண்டையும் போடப் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் என்ற போட்டி. அதில் சில பிரிவுகளில் துப்பாக்கியின் மொத்த எடை 10.5 பவுண்டைத் தாண்டக்கூடாது. கட்டையில் எடையை மிச்சம் பிடித்தால் அந்த எடையைக் கனமான குழலிலும் தொலைநோக்கியிலும் போடலாம். (ஒரு தலைப்பில் மிச்சம் பிடித்து இன்னொரு தலைப்பில் செலவழிப்பது, பட்ஜெட் போட்டவர்களுக்குப் புரியும்.) 1960களில் கலிபோர்னியாவில் செட் பிரவுன், லீ சிக்ஸ் இருவரும் இதற்காக மெல்லிய ஃபைபர்கிளாஸ் கட்டைகளைச் செய்தார்கள்.

அடுத்து வியட்நாம். 1966ல் அமெரிக்க மரைன் படை வாங்கிய எம்40 ரைஃபிளின் மரக்கட்டை அந்த ஊர் மழையில் உப்பி வளைந்தது. 1970களில் வந்த எம்40ஏ1ல் மக்மில்லன் கம்பெனியின் ஃபைபர்கிளாஸ் கட்டை ஏறியது. அதற்குப் பிறகு மலை வேட்டைக்காரர்கள் விடுவார்களா? எட்டாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் நாள் முழுக்க ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. 1980களில் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் கெவ்லார், கார்பன் இழை சேர்த்துக் கட்டை செய்து, தொலைநோக்கி இல்லாமல் சுமார் இரண்டேகால் கிலோவில் முழு ரைஃபிளையே கொடுத்தார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மரமல்லாத கட்டை எல்லாம் இலேசானது அல்ல. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பொருள் மரத்தைவிடக் கனம். தண்ணீரில் போட்டால் முங்கும். கட்டை இலேசாவதன் ரகசியம், வெளியே மெல்லிய ஓடும் உள்ளே நுரை போன்ற நிரப்பலும்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும், உருக்கி வார்த்த பிளாஸ்டிக் கட்டை பல சமயம் மரத்தின் எடைக்கே வரும். அதன் லாபம் விலையிலும் மழையிலும் மட்டுமே. வால்நட் கட்டை சுமார் ஒரு கிலோ என்றால், கையால் இழை படியவைத்த நல்ல கட்டை அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட வரலாம்.

அப்படி ஒரு கட்டையை வாங்கி, சொந்தக்காரரே முடிப்பது அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு. நம் டிங்கரிங் கடை ஆட்கள் பார்த்தால் "இதைத்தானே சார் நாங்க பண்றோம்" என்பார்கள். அச்சிலிருந்து வந்த கட்டையில் இரண்டு பாதி சேர்ந்த தையல் கோடு தெரியும். ஊசித்துளைகள் இருக்கும். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய மெழுகு மேலே படிந்திருக்கும். அந்த மெழுகை முதலில் நன்றாகத் துடைத்து எடுக்காவிட்டால் எந்தப் பெயிண்டும் நிற்காது, உரிந்துவிடும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தையலைத் தேய்க்க வேண்டும். மூக்கை மூடிக்கொண்டு, ஏனென்றால் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. துளைகளுக்கு எபாக்சி பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, கடைசியில் சொரசொரப்பான பெயிண்ட். ஈரக்கையில் வழுக்காமலிருக்கவே அந்தச் சொரசொரப்பு.

முக்கியமான வேலை உள்ளே. இரும்புப் பாகம் உட்காரும் பள்ளத்தில் எபாக்சியை ஊற்றி, துப்பாக்கியை அதிலே அமர்த்தி, ஒரு மயிரிழை இடைவெளியும் இல்லாமல் படுக்கை போடுவார்கள். திருகாணி இறுக்கும்போது உள் நுரை நசுங்காமலிருக்க அலுமினியக் குழாய்த் தூண்கள் வைப்பார்கள். இரும்பில் ஒட்டாமலிருக்கும் பூச்சு தடவ மறந்தால் துப்பாக்கியும் கட்டையும் ஆயுளுக்கும் பிரியாது. குழல் மட்டும் கட்டையைத் தொடாமல் மிதக்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். எண்ணுவதைத் தவிர நோட்டுக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

நிற்க. எல்லாப் பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். துப்பாக்கிக்கும் அது பொருந்தும். குண்டு முன்னே போகிற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னே உதைக்கும். துப்பாக்கியின் எடை குறையக் குறைய, அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் கூடிக்கொண்டே போகும். நாள் முழுக்கச் சுமக்கும்போது மிச்சம் பிடித்ததை, சுடும் அந்த ஒரு நொடியில் தோள் திருப்பிக் கட்டியாக வேண்டும். மலையில் பத்து மணி நேரம் நடந்து ஒரு தடவை சுடுகிறவனுக்கு இது லாபம். நின்ற இடத்தில் அறுபது தடவை சுடுகிறவருக்கு? கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன் 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். அங்கே கனம் எதிரியல்ல, கை நடுங்காமல் காப்பாற்றும் நண்பன். எனவே இலேசு என்பது எப்போதும் மேன்மை அல்ல. யார், எங்கே, எவ்வளவு தூரம் சுமக்கிறார் என்ற கேள்விக்கான ஒரு பதில், அவ்வளவே.

அந்தக் கேள்வியை இந்தியாவில் கேட்டால் கதை திரும்புகிறது.

நம் நாட்டில் வேட்டைத் துப்பாக்கியின் பொற்காலம் முழுக்க மரத்தோடு போய்விட்டது. வெள்ளைக்கார அரசு, ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் பொருந்தக்கூடாது என்று .303 போன்றவற்றைத் தடுத்தது. அதனால்தான் இஷாப்பூரில் பொதுமக்களுக்கு .315 என்ற தனி அளவில் ரைஃபிள் செய்தார்கள். ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907ல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிளின் வால்நட் கட்டையில், கொடுத்தவர் பெயரோடு ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கிறது. குடகு மக்கள் கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பூ, நம் மாநிலப் பூவான செங்காந்தள். அவர்கள் மொழியில் அதன் பெயரே "தோக் பூ", துப்பாக்கிப் பூ. இந்த மும்பையிலேயே 1883ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் வேட்டைப் பிரியர்கள் உண்டு. சாலிம் அலி பறவை உலகத்துக்குள் நுழைந்ததே, சிறுவனாக ஏர்கன்னில் சுட்ட ஒரு குருவியை அந்தக் கழகத்துக்கு எடுத்துப் போனதால்தான்.

பிறகு 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973ல் புலிகள் காப்புத் திட்டம். 1991 திருத்தம், மிச்சமிருந்த வேட்டை லைசென்சுகளையும் எடுத்துவிட்டது. 1980களின் நடுவிலிருந்து பொதுமக்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஃபைபர்கிளாஸ் கட்டை வேட்டைக்காரன் கைக்கு வந்த அதே இருபது ஆண்டுகளில், இந்தியாவில் வேட்டையே முடிந்துபோனது. அங்கே மரத்துக்கு வயதானது. இங்கே வேட்டைக்கு. விலங்குகளுக்கு இது நல்ல காலம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செலவு எல்லோர் கணக்கிலும் ஒரே மாதிரி விழவில்லை. ஜமீன்தாருக்குப் போனது ஒரு பொழுதுபோக்கு. நாட்டுத் துப்பாக்கியோடு காடு மேடு அலைந்த நரிக்குறவர்களுக்குப் போனது சோறு. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா பாராளுமன்றத்தைத் தாண்ட 2022 டிசம்பர் ஆனது.

இலேசுக் கட்டை இங்கே வராமலில்லை. வேறு வாசல் வழியாக வந்தது. இஷாப்பூரில் செய்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் மரக்கட்டைக்கு மாற்றாக, 1990களின் கடைசியில் இன்சாஸ் பிளாஸ்டிக் உடம்போடு ராணுவத்துக்கு வந்தது. 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டிகள் விரிந்தன என்ற புகாரும் வந்தது. மழைக்கு மரம் பயப்படும், பனிக்கு மலிவான பிளாஸ்டிக் பயப்படும். 1966ல் தொடங்கிய நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையின் இன்றைய அசால்ட் ரைஃபிளிலும் மரம் கிடையாது. ஆனால் தட்டுச் சுடும் போட்டிக்காரர்கள் இன்னும் வால்நட்டை விடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டது அந்த வகைப் போட்டியில்தான். கன்னத்துக்கும் தோளுக்கும் ஏற்றபடி செதுக்கித் தேய்த்துச் சரிசெய்ய மரம் மாதிரி வராது.

பழைய துப்பாக்கி இருக்கும் குடும்பங்களில் இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்புகிறது. எங்கள் கட்டிடத்தில் ஒரு நண்பர், பூர்வீகம் சிறுமலைப் பக்கம். தாத்தா காலத்து .315 ஊரில் இருக்கிறது. அவர் பையன் கொலராடோவில் வேலை. "அப்பா, தாத்தா ரைஃபிள் மரம் வெடிச்சுப் போச்சுன்னு சொன்னியே, இங்கேருந்து ஒரு ஃபைபர்கிளாஸ் ஸ்டாக் வாங்கிட்டு வரேன்" என்றானாம். "என்ன சார் சொல்றீங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். நம்மில் பல வீடுகளுக்குப் பயன்படும்.

முதலாவது, 1959 ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். சட்டை துணிமணி மாதிரி பெட்டியில் போட்டுக்கொண்டு வரக்கூடிய சாமான் அல்ல. அமெரிக்கப் பக்கத்திலும் ஏற்றுமதி விதிகள் உண்டு.

இரண்டாவது, கட்டையைவிட அவசரம் லைசென்ஸ். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்து அவர் காலமாகிவிட்டால், துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும் என்று விடக்கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்சுக்கு மனுப் போடலாம். 2016 ஆயுத விதிகளின்படி, உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. பரம்பரைச் சொத்தானாலும் அதே கணக்கு. லைசென்சின் ஆயுள் ஐந்து வருடம். (வங்கி லாக்கரில் வைக்கலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

மூன்றாவது, அந்த ரைஃபிள் இனி எந்த மலையும் ஏறப்போவதில்லை. அரைக் கிலோ குறைத்து யாருக்கு லாபம்? விரிசலை நல்ல எபாக்சியால் ஒட்டலாம், அனுமதி பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் செய்வார். தாத்தாவின் கை வியர்வையில் கருத்த அந்த மரம்தான் அதன் மதிப்பு. ஃபைபர்கிளாஸில் ஈரம் ஏறாது, உண்மை. அதே காரணத்தால் எந்த மனிதனின் கையும் அதில் ஏறாது.

உண்மையில் இந்த ஊரில் துப்பாக்கியின் எடையைத் தினமும் அனுபவிக்கிறவர் ஒருவர்தான். வங்கிப் பெயரில் லைசென்ஸ், அதில் ரீடெய்னர் என்று தன் பெயர், சுமார் மூன்று கிலோ இரட்டைக்குழல். பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினர். அமெரிக்க மலை வேட்டைக்காரன் வருடத்தில் சில நாள் சுமப்பதற்கு ஐம்பது வருடமாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த கிளைகளில் எல்லாம் காவலர் தோளில் இருந்தது மரக்கட்டைதான். டெண்டர் போடும்போது விலையைக் கேட்டிருக்கிறோம், எடையைக் கேட்டதில்லை. இலேசுக் கட்டைக்கு இந்தியாவில் நியாயமான உரிமைக்காரர் ஒருவர் இருந்தால் அது அவர்தான். அல்லது குறைந்தபட்சம் ஒரு நாற்காலி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பழைய துப்பாக்கி இருக்கிற வீடாக இருந்தால், கட்டையைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் லைசென்சின் கடைசித் தேதியைப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, அவர் இருக்கிறாரா, வாரிசு யார் என்று அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நிலப் பட்டாவைப் பற்றிப் பேசுகிற அதே திண்ணையில் இதையும் பேசி முடித்துவிடலாம்.